முக்காட்டுக்குக் கீழே ஒரு கொண்டை

ஜனவரி 6

தையல்காரம்மா அவர்களுக்கு,

நலம். நலமறிய ஆவல் என்று எழுத வேண்டுமாம், எழுதியாயிற்று.

நான் உங்களுக்குக் கடிதம் எழுதுவேன் என்று நீங்களும் நினைத்திருக்க மாட்டீர்கள், நானும் நினைக்கவில்லை. போனில் பேசலாம்தான். ஆனால் போன தடவை பேசியபோது மூன்றாவது வாக்கியத்திலேயே நான் கத்திவிட்டேன், நீங்கள் அழுதுவிட்டீர்கள், ஒரு காலத்தில் எனக்குப் புருஷனாக இருந்த அந்த மனுஷன் நடுவில் வந்து போனைப் பிடுங்கி வைத்துவிட்டார். எழுதினால் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதலாம். இது மூன்றாவது தாள்.

விஷயத்துக்கு வருகிறேன். ஏப்ரல் பன்னிரண்டு என் மகளுக்குக் கல்யாணம். உங்கள் வீட்டில் அவளைப் 'பெரியவள்' என்று கூப்பிடுகிறீர்களாம். எனக்கு அவள் வாலு. மாப்பிள்ளை வீட்டில் பெண் முக்காடு போட்டுக்கொண்டுதான் மேடை ஏற வேண்டுமாம். போட்டுக்கொள்ளட்டும். "தலை அலங்காரம் நான்தான்டி" என்றேன். அதற்கு அவள், "முக்காடு சித்தி தைக்கிறாங்கம்மா. அதுக்கு ஏத்த மாதிரி இருக்கணும். சித்திகிட்ட பேசிக்கோ, என்னை நடுவுல இழுக்காத" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

இருபத்திரண்டு வருஷமாக மணப்பெண்களுக்குக் கொண்டை போட்டுப் பிழைக்கிறவள் நான். என் மகள் தலைக்கு நான் உங்களிடம் பேசிக்கொள்ள வேண்டும். சரி, பேசுகிறேன்.

முக்காடு எவ்வளவு நீளம், எவ்வளவு கனம், சீப்பு வைத்துத் தைக்கிறீர்களா, ஊசி குத்துவதா, எழுதவும். என் யோசனையையும் சொல்லிவிடுகிறேன். உச்சியில் தூக்கிக் கட்டிய கொண்டை. அவள் முடிக்கு நாலு சுற்று தாராளமாக வரும். முக்காடு தோள் வரைக்கும் போதும், மெலிசாக, கொண்டைக்கு அடியில் செருகி வைக்கிற மாதிரி. சடங்கு முடிந்ததும் உருவி எடுத்துவிட்டால் சாப்பாட்டுப் பந்தியில் கொண்டை முழுசாகத் தெரியும். இதில் மாற்றம் எதுவும் இருக்காது என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. அன்றைக்குப் போனில் என்னை "அக்கா" என்றீர்கள். வேண்டாம்.

இப்படிக்கு,
வாலுவின் அம்மா


ஜனவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

கோபித்துக்கொள்ளாதீர்கள். வேறு எப்படிக் கூப்பிடுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். 'அம்மா' என்றால் உங்களுக்கு வயதாகிவிட்டது என்று சொன்ன மாதிரி ஆகும். 'மேடம்' என்றால் கடைக்கு வருகிறவர்களைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது. வாய்க்குப் பழகினது இதுதான், மன்னியுங்கள்.

இங்கே எல்லோரும் சுகம். அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை அதிகம். சின்னவர்கள் இருவருக்கும் பரீட்சை. பெரியவள் ஆபீஸ், வீடு, கல்யாணச் சாமான் என்று ஓடிக்கொண்டிருக்கிறாள்.

முக்காட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நிச்சயமான வாரமே தொடங்கிவிட்டேன், அக்கா. எட்டு மாதமாகிறது. நெட் துணி மூன்று மீட்டர் நீளம், தரையில் கொஞ்சம் புரளும். முன்பக்கம், தலையில் உட்காருகிற இடத்தில், ஒரு சாண் அகலத்துக்குக் கையால் பூவேலை செய்திருக்கிறேன். சின்னச் சின்ன வெள்ளைப் பூக்கள். எண்ணிப் பார்க்கவில்லை, ஆனால் என் கண்ணாடியின் பவர் ஏறிவிட்டது. அவர் கடையிலேயே புதுசு மாற்றிக்கொள்ளலாம், அது ஒரு சௌகரியம்.

சீப்பு உச்சியில்தான் வர வேண்டும். கொண்டை கீழே, பிடரியில் இருக்கட்டும். முக்காட்டை எடுக்காமலே பந்திக்கும் உட்காரட்டும் என்று நினைக்கிறேன். அவளுக்கும் அதுதான் விருப்பம். இறுக்கிக் கட்டினால் அவளுக்கு இடது பக்கம் வலிக்கும், சாயங்காலம் வரைக்கும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள், உங்களுக்குத் தெரியாததா.

துணியில் ஒரு துண்டு வைத்திருக்கிறேன். தொட்டுப் பாருங்கள், உறுத்தாது.

அன்புடன்,
தையல்காரி


ஜனவரி 20

தையல்காரம்மாவுக்கு,

துண்டு கிடைத்தது. தொட்டுப் பார்த்தேன். நல்ல துணிதான். அதில் குறை சொல்ல மாட்டேன், குறை வேறு இடத்தில் இருக்கிறது.

ஒரு சாண் பூவேலை, மூன்று மீட்டர் நீளம், பந்தி வரைக்கும் எடுக்கவே கூடாது! சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுங்களேன், வாலுவின் தலையில் என் வேலை ஒரு விரல் அகலம்கூடத் தெரியக் கூடாது என்று. வந்தவர்கள் எல்லோரும் "யார் தைச்சது, யார் தைச்சது" என்று கேட்பார்கள். "யார் கொண்டை போட்டது" என்று ஒரு நாய்கூடக் கேட்காது.

இடது பக்கம் வலிக்கும் என்று எனக்குச் சொல்கிறீர்கள். எனக்கு! அவளுக்கு மொட்டை போட்ட பிறகு முளைத்த முதல் முடியிலிருந்து எனக்குத் தெரியும். வலது பக்கம் சுழி. நெற்றியில் குட்டி முடி அடங்காது, எண்ணெய் தொட்டு அழுத்தினால்தான் படியும். பதினாறு வயதில் முழங்கால் வரைக்கும் பின்னல். அந்தப் படம் இன்னும் என் பார்லரில் கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் "இது யாரு" என்பார்கள், "என் மக" என்பேன். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டே உட்கார்ந்தவர்கள் எத்தனை பேர்!

இடது பக்கம் வலி என்பது அப்போது கிடையாது. உங்கள் வீட்டுக்கு வந்த பிறகு வந்ததாக இருக்கும்.

மனதில் இருப்பதை எழுதிவிடுகிறேன், கிழிக்கப் போவதில்லை. படிப்புக்கு அந்த ஊர் பக்கம் என்று பதினேழு வயதில் அவள் அப்பா வீட்டுக்கு அனுப்பினேன். மூன்று வருஷம் என்றார்கள், எட்டு வருஷம் ஆகிவிட்டது. போன வருஷம் மூன்றே தடவை வந்தாள். மூன்று தடவையும் தலையில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு வந்தாள். கேட்டால் "ஃபேஷன்மா" என்கிறாள். "வாடி, எண்ணெய் வைக்கிறேன்" என்றால் "வேண்டாம், சித்தி வச்சு விட்டாங்க" என்கிறாள். என் தொழிலே தலை. ஊரில் இருக்கிற தலையெல்லாம் என் கைக்குக் கீழே குனிகிறது, என் பெண்ணின் தலை மட்டும் உங்கள் கைக்குக் குனிகிறது. எனக்கு வயிறு எரிகிறது. போதுமா?

முக்காட்டை வெட்டுங்கள். தோளுக்கு மேல் வேண்டாம். கொண்டை உச்சியில்தான். மூன்று மாதிரி வரைந்து அனுப்புகிறேன், எதை வேண்டுமானாலும் அவள் எடுத்துக்கொள்ளட்டும். பிப்ரவரி முதல் ஞாயிறு அவளை இங்கே அனுப்புங்கள். ஒரு தடவை கட்டிப் பார்க்காமல் எந்த மணப்பெண்ணையும் நான் மேடை ஏற்றியதில்லை.

இப்படிக்கு,
வாலுவின் அம்மா


ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை அவர் கண்ணில் படாமல் தையல் மெஷின் டிராயரில் வைத்திருக்கிறேன். இரண்டு முறை படித்தேன். அழவில்லை, அதற்காகப் பெருமைப்படுகிறேன்.

உங்களுக்கு வயிறு எரிகிறது என்று எழுதினீர்கள். என்னைப் பற்றியும் ஒன்று கேளுங்கள். என்னிடம் துணி தைக்க வருகிறவர்களிடம் அவள் பேச்சுக் கொடுப்பாள். "எங்கம்மா கை வச்சா தலை பூ மாதிரி இருக்கும்" என்பாள். அவர்கள் என்னைப் பார்த்து, "அப்படியா, நீங்க பார்லரும் வச்சிருக்கீங்களா" என்பார்கள். "இவங்க இல்ல, எங்கம்மா" என்பாள். எட்டு வருஷமாகச் சோறு போடுகிறேன், ஜுரம் வந்தால் பக்கத்தில் உட்காருகிறேன், 'இவங்க இல்ல' என்கிற அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் இன்னும் பழகவில்லை. நீங்கள் ஊரில் இல்லாமலேயே இந்த வீட்டில் இருக்கிறீர்கள், அக்கா.

நீங்கள் வரைந்த மூன்று கொண்டையும் அழகு. அதிலும் இரண்டாவதை அவள் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மடித்து என்னிடமே கொடுத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விஷயம். அவளுக்கு வேலை இருக்கிறது, வேண்டாமே. தயவுசெய்து கொண்டையைக் கீழே போடச் சம்மதியுங்கள். உச்சியில் முக்காடு நிற்கட்டும். உங்களை மறைப்பதற்காகச் செய்யவில்லை, என் பிள்ளைகள் மேல் சத்தியம். காரணம் மட்டும் கேட்காதீர்கள்.

அன்புடன்,
தையல்காரி


பிப்ரவரி 10

நீ சொல்லியும் நான் கேட்கவில்லை. நேரே அவளுக்குப் போன் போட்டு, வராவிட்டால் நானே கிளம்பி வந்துவிடுவேன் என்று மிரட்டினேன். வந்தாள். அதே துணி, தலையில்.

பார்லரை அன்றைக்கு யாருக்கும் திறக்கவில்லை. நாற்காலியைத் துடைத்து, ஊசிகளை எல்லாம் வரிசையாக வைத்து, சீப்பைச் சுடுதண்ணீரில் கழுவி வைத்திருந்தேன். அவள் வந்து படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். துணியை அவிழ்க்கப் போனேன். என் கையைப் பிடித்துத் தள்ளினாள்.

"சும்மா அளவு மட்டும் பாரும்மா."

"துணி மேலயா அளவு பாக்கறது? தலை என்ன சுவரா?"

"அவிழ்க்க வேண்டாம்னா வேண்டாம்."

"சித்தி சொல்லி அனுப்பினாளா?"

"சித்தியை ஏம்மா இழுக்கற?"

அப்புறம் நான் பேசினதை எல்லாம் உனக்கு எழுத முடியாது. உன்னைப் பற்றித்தான் பேசினேன், நீயே யூகித்துக்கொள். கடைசியில், "உன்னைப் பெத்தவ நானா அவளா, இன்னைக்கே சொல்லிடு" என்று கேட்டேன். எழுந்து பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். டீ போட்டு வைத்திருந்தேன், அப்படியே ஆறிப்போனது. மூன்று மணி பஸ்ஸைப் பிடித்திருப்பாள்.

அன்றைக்கு ராத்திரியே வீடு சேர்ந்துவிட்டாள் என்று அந்த மனுஷன் இரண்டு வார்த்தையில் செய்தி அனுப்பினார். அதுவரை உயிர் என்னிடம் இல்லை.

நீ ஜெயித்துவிட்டாய். முக்காடு மூன்று மீட்டர் இருக்கட்டும், முப்பது மீட்டர் இருக்கட்டும். தலையையும் நீயே பார்த்துக்கொள். கல்யாணத்துக்கு நான் வரப் போவதில்லை. பெண்ணின் அம்மா இடத்தில் நீயே நின்றுகொள், உனக்குத்தான் பொருத்தமாக இருக்கும்.

இனி பதில் போட வேண்டாம்.


பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் போட வேண்டாம் என்றீர்கள். போடாமல் இருந்தால் பெரிய பாவம் செய்தவளாவேன். அவளுக்குக் கொடுத்த வாக்கை இந்தத் தாளில் உடைக்கிறேன். படித்ததும் கிழித்துவிடுங்கள்.

அவளுக்குப் புழுவெட்டு, அக்கா. உச்சியில்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், டிசம்பரில், குளித்துவிட்டு வந்தவள் சீப்போடு என் முன்னால் வந்து நின்றாள். சீப்பு நிறைய முடி. முடி கொட்டிய இடம் முதலில் விரல் நுனி அளவுதான் இருந்தது. பொங்கிப் பொங்கி அழுதாள். பிறகு பெரிதாகி, பக்கத்தில் இன்னொன்றும் வந்து, இரண்டும் சேர்ந்துவிட்டது. டாக்டரிடம் போய்க்கொண்டிருக்கிறோம். திரும்ப முளைக்கும், ஆனால் நாளாகும் என்கிறார். பதினான்கு மாதமாகத் தினமும் காலையில் நான்தான் மருந்து தடவி விடுகிறேன். 'சித்தி எண்ணெய் வச்சு விட்டாங்க' என்று உங்களிடம் சொன்னாளே, அது எண்ணெய் இல்லை.

"அம்மாகிட்ட சொல்லுவோமே, அவங்களுக்குத் தெரியாத தலையா" என்று முதல் நாளே சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம் சித்தி. அம்மாவுக்கு என்னை விட என் முடியைத்தான் பிடிக்கும்" என்றாள். நீங்கள் பார்லரில் மாட்டியிருக்கிற படத்தைப் பற்றிச் சொல்லித்தான் அழுதாள். 'அந்தப் படத்துல இருக்கறவ நான் இல்ல இப்போ' என்றாள்.

இதை எழுதும்போது என் மேலேயே எனக்கு வெறுப்பு வருகிறது. ஏனென்றால் அவள் அப்படிச் சொன்ன அன்றைக்கு எனக்குள் ஒரு மூலையில் சந்தோஷமாக இருந்தது. உங்களிடம் காட்டாததை என்னிடம் காட்டினாளே என்று. அதனால்தான் இரண்டாம் தடவை நான் வற்புறுத்தவில்லை. வாக்கு, சத்தியம் என்பதெல்லாம் பாதி உண்மைதான்.

பூவேலை ஒரு சாண் அகலம் ஏன் என்று இப்போது புரிந்திருக்கும். அந்த இடத்தை அளந்து, சுற்றிலும் கொஞ்சம் விட்டுத்தான் பூப் போட்டேன்.

அன்றைக்கு உங்களிடமிருந்து வந்ததும், "கல்யாணத்தன்னைக்கு நீயே கட்டி விடு சித்தி, அம்மா வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள். எனக்கு மூன்று கால் பின்னலுக்கு மேல் ஒன்றும் தெரியாது. நேற்றுக் கட்டிப் பார்த்தோம். முக்காட்டுச் சீப்பை உச்சியில் செருகினேன், எழுந்து நாலடி நடந்தாள், மொத்தமும் பின்னால் சரிந்து தரையில் விழுந்துவிட்டது. திரும்பச் செருகினேன். திரும்ப விழுந்தது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கல்யாணத்தன்று சபை நடுவில் இப்படி விழுந்தால் என்ன ஆகும், நினைத்துப் பாருங்கள்.

என்ன செய்ய, அக்கா? நான் சொன்னதாக அவளுக்குத் தெரியக் கூடாது. ஆனால் சொல்லிக்கொடுக்க உங்களை விட்டால் எனக்கு யாரும் இல்லை.

உங்கள் காலைப் பிடித்துக் கேட்கும்,
தையல்காரி


மார்ச் 2

தையல்காரிக்கு,

பதினைந்து நாள் ஆகிவிட்டது பதில் எழுத. கையில் சீப்பை எடுத்தால் கீழே வைக்கிறேன், கீழே வைத்தால் எடுக்கிறேன். நேற்று ஒரு பெண்ணுக்கு முடி வெட்டும்போது ஒரு பக்கம் ஏற்றி வெட்டிவிட்டேன். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை.

என் தொழிலில் புழுவெட்டு எத்தனை பார்த்திருக்கிறேன் தெரியுமா? நாற்காலியில் உட்கார்ந்து குனிந்த உடனே சொல்லிவிடுவேன். "பயப்படாதீங்க, முளைச்சிடும்" என்று நானே தைரியம் சொல்லி, மறைத்துக் கட்டி, சிரித்துக்கொண்டே அனுப்பிவிடுவேன். யாரோ பெற்ற பெண்களுக்கெல்லாம் சொன்னேன். என் பெண் என் எதிரில் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், எனக்குத் தெரியவில்லை. நான் அவள் தலையைப் பார்க்கவில்லை, உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

உன் மேல் பொறாமை போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. இன்னும் கூடிவிட்டது. முன்பெல்லாம் எண்ணெய் வைக்கிறாய், பின்னி விடுகிறாய் என்று பொறாமை. இப்போது அந்தப் புழுவெட்டையே உன்னிடம் காட்டினாளே என்று பொறாமை. நல்ல முடியை எனக்குக் கொடுத்தாள், கெட்டதை உனக்குக் கொடுத்தாள். பெற்றவளுக்குக் கெட்டதல்லவா வர வேண்டும்? அதை நீ வாங்கி வைத்துக்கொண்டாய். ஒரு மூலையில் சந்தோஷமாக இருந்தது என்று எழுதினாயே, அந்த வரியைப் படித்தபோது உன்னை அறையலாம் போல் இருந்தது. பொய் சொல்லாமல் எழுதினாயே என்று ஒரு மரியாதையும் வந்தது. இரண்டையும் வைத்துக்கொள்.

படத்தைக் கழற்றப் போய் ஸ்டூல் மேல் ஏறினேன். பிறகு இறங்கிவிட்டேன். அடுத்த தடவை வந்து சுவர் வெறுமையாக இருப்பதைப் பார்த்தால், நீ சொல்லிவிட்டாய் என்று உடனே புரிந்துகொள்வாள். மாட்டியே இருக்கட்டும்.

இனி தொழில் பேசுகிறேன், கவனமாகப் படி.

நீ செய்த தப்பு இதுதான். முடி இல்லாத இடத்தை மறைக்க வேண்டும் என்பதற்காகக் கனத்தையும் அங்கேயே வைத்துவிட்டாய். சீப்புக்குப் பிடிக்க அங்கே என்ன இருக்கிறது? மூன்று மீட்டர் துணி இழுத்தால் விழாமல் என்ன செய்யும்? மறைக்கிறது வேறு, தாங்குகிறது வேறு. ஆகையால் உன் முக்காட்டை இரண்டாக வெட்ட வேண்டும். எட்டு மாத வேலை, எனக்குத் தெரியும். போன தடவை வெட்டு என்றது வயிற்றெரிச்சலில் சொன்னது. இது அப்படி இல்லை.

பூவேலை இருக்கிற அந்த ஒரு சாணைத் தனியாக எடுத்து ஒரு பட்டை மாதிரி ஆக்கு. இரண்டு நுனியிலும் மெல்லிய கிளிப் தை. காதுக்குப் பின்னால் முடி அடர்த்தியாக இருக்கும், அங்கே மாட்டினால் பட்டை உச்சியை மூடிக்கொண்டு இருக்கும், கனமும் இல்லை. மீதி நெட் முழுவதையும் சீப்பில் தைத்துப் பின்பக்கம், பிடரிக் கொண்டைக்குச் சற்று மேலே ஒட்டினாற்போல் வை. இரண்டும் சேருகிற இடத்தை நெட்டின் சுருக்கம் மறைத்துவிடும். ஒரே முக்காடு என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள்.

முடியைக் கல்யாணத்தன்று காலையில் அலசாதே, முதல் நாளே அலசிவிடு. புதிதாக அலசிய முடி வழுக்கும். இடது காதுக்குப் பின்னால் தொடங்கி வலது காது வரைக்கும், பின்தலை வழியாக, தலையோடு ஒட்டி ஒரு பின்னல் போடு. சாதாரணப் பின்னலில் ஓரத்துக் காலை நடுவுக்கு மேலே கொண்டு வருவாய். இதில் அடியில் கொண்டு போக வேண்டும், அப்போதுதான் பின்னல் கயிறு மாதிரி மேலே எழும்பி நிற்கும். சீப்பின் பற்கள் அந்தப் பின்னலுக்குள் போக வேண்டும், முடிக்குள் இல்லை. முதலில் பற்களை மேல்நோக்கி வைத்துக் குத்தி, பிறகு அப்படியே கீழே திருப்பு. சீப்பின் இரண்டு நுனியிலும் இரண்டிரண்டு ஊசியைக் குறுக்கே பெருக்கல் குறி மாதிரி குத்து. அப்புறம் நான் சொன்னேன் என்று நினைத்து நன்றாக இழுத்துப் பார். உன் கை வலிக்கும், முக்காடு வராது.

இடது பக்கம் இறுக்காதே. வலிக்கும் என்று நீதான் சொன்னாய்.

பின்னல் பழக ஒரு பொம்மைத் தலை அனுப்பியிருக்கிறேன், பார்சலில் வரும். நாற்பது தடவை பின்னிப் பார். என்னிடம் வேலை கற்க வந்தவர்களை ஐம்பது தடவை பின்ன வைப்பேன், உனக்குப் பத்து குறைத்திருக்கிறேன்.

கல்யாணத்துக்கு வருகிறேன். விருந்தாளி மாதிரி வந்து நாற்காலியில் உட்காருவேன். மணப்பெண் அறைப்பக்கம் வர மாட்டேன். அவள் காட்ட வேண்டாம் என்று வைத்திருப்பதை நான் பார்க்க மாட்டேன். அவள் தலையை உன் கையில் கொடுக்கிறேன், இதற்கு மேல் என்னால் கொடுக்க முடியாது.

வாலுவின் அம்மா


ஏப்ரல் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் நல்லபடியாக ஊர் சேர்ந்த செய்தியை அவர் சொன்னார். பெரியவளும் மாப்பிள்ளையும் போன வாரமே மாமியார் வீட்டுப் பக்கம் பயணம் போய்விட்டார்கள் என்று எழுத நினைத்தேன், பார்த்தால் கல்யாணம் முடிந்து மூன்று நாள்தான் ஆகிறது. எனக்கு ஒரு மாதம் ஆன மாதிரி இருக்கிறது. வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது.

அன்றைக்கு நீங்கள் பார்க்காததைச் சொல்ல வேண்டும்.

உங்கள் கடிதத்தைச் சுவரில் ஒட்ட முடியாதே, அதனால் மனப்பாடம் செய்துகொண்டேன். பொம்மைத் தலையில் நாற்பது இல்லை, எழுபது தடவை பின்னியிருப்பேன். மணப்பெண் அறையில் அவளைக் கண்ணாடிக்கு முதுகு காட்டி உட்கார வைத்துவிட்டுத் தொடங்கினேன். நாலு முடிச்சு பின்னியிருப்பேன். அவள் கையை மேலே தூக்கி அந்தப் பின்னலைத் தொட்டாள். விரலால் ஒவ்வொரு முடிச்சாகத் தடவினாள்.

"இது அம்மா பின்னுறது. பள்ளிக்கூடத்துக்கு இப்படித்தான் பின்னி விடுவா. உனக்கு யாரு சொல்லிக் கொடுத்தா சித்தி?"

எனக்குப் பொய் வராது. கை நின்றுவிட்டது.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

தலையை ஆட்டினேன்.

"எல்லாமே தெரியுமா? எப்போலேர்ந்து?"

"பிப்ரவரிலேர்ந்து."

என் மேல் பாயப் போகிறாள் என்று நினைத்தேன். பாயவில்லை. தலையைத் திரும்ப எனக்குக் குனிந்து கொடுத்தாள். நான் பின்னி முடித்து, கொண்டை சுற்றி, பட்டை மாட்டி, சீப்பைத் திருப்பிக் குத்தி, ஊசியும் போட்டுவிட்டேன். எல்லாம் முடிந்த பிறகு, "தெரிஞ்சும் வெளிய போய் உக்காந்திருக்காளா?" என்றாள்.

"ஆமா."

"ஏன்?"

"நீ கூப்பிடலையே."

"கூப்பிடு, சித்தி."

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். மூன்றாவது வரிசையில் வந்து உங்கள் தோளைத் தொட்டேன். நீங்கள் எழுந்த வேகத்தில் கைப்பை கீழே விழுந்தது, அதைக்கூட எடுக்கவில்லை. நீங்கள் உள்ளே போனதும் கதவு சாத்திக்கொண்டது. உங்கள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

இருபது நிமிஷம், அக்கா. எட்டு வருஷத்தில் நான் பட்ட பொறாமை எல்லாம் சேர்ந்தாலும் அந்த இருபது நிமிஷத்துக்கு வராது. உள்ளே ஒரு தடவை அழுகைச் சத்தம், ஒரு தடவை சிரிப்புச் சத்தம். நான் சொல்லித்தானே இவர்கள் சேர்ந்தார்கள், சந்தோஷப்படு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். மனசு கேட்கவில்லை.

கேட்கக் கூடாததை ஒன்று கேட்கிறேன். கதவு திறந்து அவள் வெளியே வந்தபோது முக்காடு போட்டிருந்தாள், கொண்டை தெரியவில்லை. பந்தியிலும் தெரியவில்லை. படம் எடுத்தவர் அனுப்பிய படங்களை எல்லாம் பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். நீங்கள் நான் கட்டியதைப் பிரித்துவிட்டு மறுபடி கட்டினீர்களா? பிரித்திருந்தால் தப்பே இல்லை. உங்கள் மகள், உங்கள் தொழில். நான் கட்டியதில் ஒரு பக்கம் இறங்கியிருந்தது எனக்கே தெரியும். எனக்குத் தெரிந்துகொள்ள மட்டும் வேண்டும். அவள் மேடை ஏறும்போது தலையில் இருந்தது யார் போட்ட கொண்டை?

அன்புடன்,
தையல்காரி


ஏப்ரல் 21

தையல்காரிக்கு,

இதற்குப் பதிலே போடாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். ஆயுசுக்கும் நீ அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருப்பாய். நினைத்தால் சிரிப்பாகவும் இருந்தது, திருப்தியாகவும் இருந்தது. நாலு நாள் அந்தத் திருப்தியிலேயே இருந்தேன். போதும் என்று இன்றைக்கு உட்கார்ந்தேன்.

உள்ளே போனதும் அவள் என் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்து, காதுக்குப் பின்னால் இருந்த கிளிப்பை அவளே கழற்றி, பட்டையைத் தூக்கினாள். "பாத்துக்கோம்மா" என்றாள்.

பார்த்தேன். பாதி உள்ளங்கை அளவு. ஓரத்தில் பூனை முடி மாதிரி வெள்ளையாக முளைத்திருக்கிறது. நீ தடவின மருந்துதான் வேலை செய்கிறது. மூன்று மாதத்தில் கறுத்துவிடும். இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன், நீ டாக்டரிடமும் சொல்.

"உனக்குத் தெரிஞ்சா நீ எப்படி..." என்று ஆரம்பித்தாள், முடிக்க முடியவில்லை. "ஏன்டி, ஊர்ல எல்லாருக்கும் கொட்டினதை மறைச்சு விடுறதுதான்டி என் பொழப்பு. அதை எங்கிட்டயே மறைச்சியே, எனக்கு வேலை போயிடாதா" என்றேன். உனக்குக் கேட்ட சிரிப்பு அதுதான். அழுகை அதற்கு முன்னால், என்னுடையது.

அப்புறம் அவள் கேட்டாள். "நேரம் இருக்கும்மா. இதை அவிழ்த்துட்டு நீயே போட்டு விடேன்."

உன்னிடம் மறைப்பானேன். ஜனவரியிலிருந்து இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் உயிரோடு இருந்தேன். கை தானாகப் போய்விட்டது. கொண்டையைப் பிடித்தேன். நீ சொன்ன மாதிரி இடது பக்கம் இறங்கித்தான் இருந்தது. வகிடு நேராக இல்லை. பின்னலில் கடைசி இரண்டு முடிச்சு தளர்வு. என்னிடம் வேலை கற்கிறவளாக இருந்தால் பிரித்துப் போடு என்றிருப்பேன். முக்காட்டைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. இன்னும் பலமாக இழுத்தேன். தலைதான் பின்னால் வந்தது, முக்காடு வரவில்லை. பிரித்தால் அந்தப் புது முடிக்குப் பக்கத்தில் எல்லாவற்றையும் மறுபடி இழுக்க வேண்டும், வாரிக் கட்ட வேண்டும், அவளுக்கு வலிக்கும். இடது பக்கம் அவள் முகம் சுளிக்காமல் உட்கார்ந்திருந்ததையும் பார்த்தேன். நீ இறுக்கவில்லை.

"நல்லாத்தான்டி கட்டியிருக்கா. பிரிக்க வேண்டாம்" என்றேன்.

நீ நல்லவளாகப் போய்விட்டாயே என்று எனக்கு எவ்வளவு கோபம் தெரியுமா? கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவு சௌகரியம்.

ஆகவே மேடை ஏறியது நீ போட்ட கொண்டை. முழுக்க உன்னுடையது.

ஒரு ஊசியைத் தவிர. வலது பக்கம், கீழேயிருந்து இரண்டாவது. அதை உருவி எடுத்து, அதே இடத்தில், அதே மாதிரி நான் திரும்பக் குத்தினேன். அந்த ஊசி சரியாகத்தான் இருந்தது.

வாலுவின் அம்மா